நீரிழிவுற்ற பூனையும் நிலைகொள்ளாத இரத்தச் சர்க்கரையும்

பத்து வயதுக்கு மேற்பட்ட பூனை ஒன்றுக்கு நீரிழிவு கண்டிருப்பதாகக் கொள்வோம். மருத்துவர் குறித்த அளவில் காலையும் மாலையும் இன்சுலின் போடப்பட்டு வருகிறது. வீட்டார் குளுக்கோமீட்டர் ஒன்றை வாங்கி, நாள்தோறும் காலை ஊசிக்கு முன்னர் இரத்தத்தைச் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதுகின்றனர். திங்களன்று 390; செவ்வாயன்று 170; புதனன்று 420. உணவு மாறவில்லை, மருந்தின் அளவும் மாறவில்லை. 420 என்ற எண்ணைக் கண்டு கலக்கமுற்ற வீட்டார் அன்று ஒரு யூனிட்டைக் கூட்டிப் போடுகின்றனர். பிற்பகலில் பூனை கால் தடுமாறிச் சரிந்து விழுகிறது.

இத்தகைய நிகழ்ச்சி, நீரிழிவுற்ற பூனையை வைத்துப் பராமரிக்கும் வீடுகளில் அரிதன்று. கருவி காட்டிய எண் பொய்யென்று சொல்வதற்கில்லை. அவ்வோர் எண்ணை மட்டும் கொண்டு அன்றைக்கே மருந்தைக் கூட்டியதுதான் பிழை. நகரங்களில் பூனையை வீட்டினுள்ளேயே வைத்து வளர்க்கும் வழக்கம் பெருகியிருப்பதால், கால்நடை மருந்தகங்களின் களப் பணியாளர்களிடம் இக்குறிப்பேடுகளைக் கொண்டுவந்து காட்டி விளக்கம் கேட்போர் உளர். உடலியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கோ, குளுகோஸ் உடலில் எங்ஙனம் ஏறி இறங்குகிறது என்பதற்கு இதனினும் கண்கூடான சான்று கிடைப்பது அரிது. இங்குக் குறிக்கப்படும் எண்கள், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அடங்கிய குளுகோஸின் மில்லிகிராம் அளவாகும். நம் நாட்டுக் கருவிகள் காட்டுவதும் இவ்வளவே.

நோயின் இயல்பு

நீரிழிவைப் பற்றி மனிதன் அறிந்தவற்றுள் பெரும்பகுதி பிராணிகளிடமிருந்து அறிந்ததாகும். 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஃபான் மேரிங், மின்கோவ்ஸ்கி என்னும் இருவர் நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு தோன்றக் கண்டனர். 1921-இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் பான்டிங்கும் பெஸ்டும் கணையச் சாற்றின் ஆற்றலை நாய்களிடம் சோதித்தறிந்தனர். 1922 ஜனவரியில் அம்மருந்து முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது.

நாயின் நீரிழிவும் பூனையின் நீரிழிவும் ஒரே தன்மையன அல்ல. நாயில் இன்சுலின் சுரக்கும் செல்கள் பெரும்பாலும் அழிந்துபோகின்றன. ஆதலின் அதற்கு வாழ்நாள் முழுவதும் ஊசி தேவைப்படுகிறது. பூனைக்கு வருவது, மனிதருக்கு நடுவயதில் வரும் இரண்டாம் வகை நீரிழிவைப் பெரிதும் ஒத்தது. முதலில் உடல் திசுக்கள் இன்சுலினுக்குச் சரிவர இணங்குவதில்லை. அக்குறையை ஈடுசெய்யக் கணையம் மிகுதியாக உழைத்துக் களைக்கிறது. அமிலாய்டு என்னும் புரதப் படிவும் கணையத் திட்டுகளில் சேர்கிறது. இதற்குமேல், நெடுநாள் உயர்ந்து நிற்கும் சர்க்கரையே அச்செல்களுக்கு நஞ்சாகி அவற்றின் வேலையை முடக்குகிறது. இவ்வாறு முடங்கிய செல்கள் யாவும் மடிந்துவிடுவதில்லை. சர்க்கரை தக்க காலத்தில் தணிக்கப்பட்டால் அவற்றுள் பல மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். இவ்வுண்மையால் விளையும் நன்மையும் அபாயமும் பின்னர்க் கூறப்படும்.

பருத்த உடலும் ஏழு வயதுக்கு மேற்பட்ட பருவமும் உடைய, விதை நீக்கப்பெற்ற கடுவன் பூனைகளே மிகுதியாக இந்நோய்க்கு ஆளாகின்றன. வேறு நோய்களுக்காக ஸ்டீராய்டு மருந்து பெற்றவையும் ஆளாகலாம். மிகுதியாக நீர் குடித்தல், மணற்பெட்டி விரைவில் நனைந்துபோதல், நன்கு உண்டும் உடல் மெலிதல் ஆகியவை முதற்குறிகள். சிறுநீர் விழுந்த இடத்தில் எறும்பு மொய்க்கக் கண்டு ஐயுற்று வருவோரும் உண்டு. நரம்புகள் தாக்கப்பட்ட பூனை, பின்னங்கால் விரல்களை ஊன்றி நடவாமல், குதிகால் தரையில் படியத் தாழ்ந்து நடக்கும். இதனை மூட்டுவாதம் எனக் கருதி எண்ணெய் தடவிக் காலத்தைக் கழித்துவிடுதல் கூடாது.

அச்சத்தால் ஏறும் சர்க்கரை

எண்கள் நிலைகொள்ளாமல் திரிவதற்குக் காரணம் பல. அவற்றுள் பூனைக்கே சிறப்பாக உரியது அச்சம். கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் மருந்தகக் கூடத்தில் அரைமணி காத்திருக்க வைத்த பூனையின் உடலில் அட்ரினலின் பெருகுகிறது. கல்லீரல் தான் சேமித்து வைத்த கிளைக்கோஜனைக் குளுகோஸாக மாற்றி இரத்தத்தில் கலக்கிறது. நோயற்ற பூனைக்கும் இவ்வாறு 300-க்கு மேல் ஏறுவதுண்டு. ஆகவே மருந்தகத்தில் எடுத்த ஒரே அளவைக் கொண்டு நீரிழிவு என்று முடிவு செய்வதற்கோ, இன்சுலினைக் கூட்டுவதற்கோ இடமில்லை. ஃப்ரக்டோசமின் என்னும் இரத்தப் பரிசோதனை இங்கு உதவுகிறது. இரத்தப் புரதங்களோடு பிணைந்த குளுகோஸை அளக்கும் இப்பரிசோதனை, முந்திய ஒன்றிரண்டு வாரங்களின் சராசரி நிலையைக் காட்டும். அன்றைய அச்சம் அதனைப் பாதிப்பதில்லை.

சிறுநீரைச் சோதிக்கும் பட்டையும் ஓரளவே பயன்படும். மனிதனில் இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டும்போது சிறுநீரில் குளுகோஸ் தோன்றுகிறது. பூனையிலோ 250 முதல் 290 வரை ஏறினாலன்றித் தோன்றுவதில்லை. எனவே பட்டையில் சர்க்கரை இல்லையென்றால், இரத்தத்தில் 200 இருக்கலாம், 100 இருக்கலாம், உயிருக்கு ஊறான 40-ம் இருக்கலாம். எனினும் கீட்டோன் என்னும் நச்சுப் பொருள்களைக் கண்டறிய இப்பட்டை மிகவும் ஏற்றது. உண்ணாமல், வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடக்கும் நீரிழிவுப் பூனையின் சிறுநீரில் கீட்டோன் தென்பட்டால் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டும்.

அளக்கும் கருவியும் தன் பங்குக்கு எண்ணை மாற்றுகிறது. மனிதருக்கான குளுக்கோமீட்டர்கள் மனித இரத்தத்துக்கெனக் கணக்கிடப்பட்டவை. மனித இரத்தத்தில் குளுகோஸ் சிவப்பணுக்களிலும் கணிசமாக உள்ளது. பூனையின் இரத்தத்திலோ அது பெரும்பாலும் பிளாஸ்மாவிலேயே தங்கியுள்ளது. அதனால் இக்கருவிகள் பூனையின் சர்க்கரையைப் பெரும்பாலும் உண்மையினும் குறைத்தே காட்டுகின்றன. மேலும், 2013-இல் வகுக்கப்பட்ட சர்வதேசத் தரவிதி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை பிறழ்ச்சியை ஏற்கிறது. உண்மையில் 400 உள்ள இரத்தத்தை ஒரு கருவி 350 என்றும் மற்றொன்று 450 என்றும் காட்டினால் இரண்டும் விதிக்கு உட்பட்டவையே. ஒரே கருவியையே தொடர்ந்து பயன்படுத்துவதும், அதன் பெயரைக் குறிப்பேட்டின் தலைப்பில் எழுதி வைப்பதும் நலம்.

இவற்றையெல்லாம் சரிசெய்த பின்னரும் வேறுபாடு முற்றிலும் நீங்குவதில்லை. சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், வீட்டிலேயே எடுக்கப்பட்ட அளவுகளை ஒப்பிட்டு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அதே பூனைக்கு, அதே மருந்தளவில், ஒரு நாளின் சர்க்கரை வளைகோட்டுக்கும் மற்றொரு நாளின் வளைகோட்டுக்கும் கணிசமான வேறுபாடு இருப்பதைக் கண்டனர். தோலின்கீழ் இட்ட இன்சுலின் ஒவ்வொரு நாளும் ஒரே வேகத்தில் இரத்தத்தை அடைவதில்லை. இதனை அறிந்த வீட்டார்க்கு ஒற்றை எண்ணைக் கண்டு ஏற்படும் பதற்றம் பாதியாகக் குறையும்.

நாற்பதும் நூறும்

இனிக் கூறப்போவது நம் நாட்டில் தனிக் கவனத்துக்குரியது. பூனைக்குப் பெரும்பாலும் மனிதருக்கான இன்சுலினே இங்குப் பயன்படுகிறது. இன்சுலின் குப்பிகள் இருவகைச் செறிவில் கடைகளில் கிடைக்கின்றன: ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்டவை, 100 யூனிட் கொண்டவை. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய ஊசிக்குழல் வேறு. வழக்கமாக 40-க்குரியது சிவப்பு மூடியும் 100-க்குரியது ஆரஞ்சு நிற மூடியும் கொண்டிருக்கும். இரு நிறங்களும் மங்கிய விளக்கொளியில் எளிதில் மயக்கம் தருவன. ஆதலின் மூடியை நம்பாமல் குழலின்மேல் அச்சிட்ட எண்ணையே படிக்கவேண்டும்.

இவை மாறினால் விளைவது என்ன? கிளார்ஜின் போன்ற 100 யூனிட் செறிவுள்ள மருந்தை 40-க்குரிய குழலில் 2 என்ற கோடு வரை இழுத்தால், குழலில் ஏறுவது 0.05 மில்லிலிட்டர், அதில் அடங்கியிருப்பதோ 5 யூனிட். மருத்துவர் சொன்னதற்கு இரண்டரை மடங்கு மருந்து பூனையின் உடலில் சேர்ந்துவிடுகிறது. நாலு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு வேளைக்கு ஓரிரு யூனிட்டில் தொடங்குவதே வழக்கமாதலால், இது உயிரைப் போக்கவல்ல பிழை. மாறாக, 40 செறிவுள்ள மருந்தை 100-க்குரிய குழலில் 2 கோடு வரை இழுத்தால் சேர்வது 0.8 யூனிட் மட்டுமே. சர்க்கரை இறங்காமல் நிற்கும். மருந்தளவைக் கூட்டும் எண்ணத்துடன் வருவோரிடம் களப் பணியாளர் முதலில் குப்பியையும் குழலையும் ஒருங்கே கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பது நன்று. வகுப்பறையில் விகிதக் கணக்குக்கும் இதனை எடுத்துக்காட்டலாம்.

குப்பியைப் பேணும் முறையும் கவனிக்கத்தக்கது. இன்சுலின் 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடில் இருக்கவேண்டியது. குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து ஒருமுறை உறைந்துபோனால் அம்மருந்து பயனற்றது. நாகபுரி, ஜெய்ப்பூர் போன்ற ஊர்களில் மே மாத வெப்பம் 40 டிகிரியைக் கடக்கிறது. மின்சாரம் நெடுநேரம் தடைப்படும் இடங்களில், குப்பியை நீர்புகாத சிறு டப்பாவில் இட்டு, ஈரம் கசியும் மண்பானைக்குள் வைத்துக் காப்பது அவசரத்துக்குக் கைகொடுக்கும். தெளிவாயிருக்க வேண்டிய மருந்து கலங்கியிருப்பினும், காரணம் தெரியாமல் சர்க்கரை சில நாட்களாக இறங்காமல் நிற்பினும், புதுக் குப்பியை மாற்றிப் பார்த்த பிறகே மருந்தளவைப் பற்றி யோசிக்கவேண்டும்.

ஊசி போடும்போது பூனை திமிறி, மருந்து உள்ளே சென்றதா, மயிரில் வழிந்ததா என்ற ஐயம் எழுவதுண்டு. அத்தகைய வேளையில் மறுபடியும் போடலாகாது. ஒருவேளை மருந்து தவறினால் சர்க்கரை சற்று உயரும், அவ்வளவே. இருமடங்கு மருந்து சேர்ந்தால் பூனை சில மணி நேரத்தில் இறக்கக்கூடும்.

வளைகோடு வரைதல்

காலை ஊசிக்கு முன் எடுக்கும் அளவு, முந்திய மாலையில் இட்ட மருந்தின் ஆற்றல் ஓய்ந்த வேளையின் அளவாகும். அது உயர்ந்திருப்பது இயல்பே. மருந்து போதுமா, மிகையா என்பதைக் காட்டுவது, இரு ஊசிகளுக்கும் இடையே சர்க்கரை எவ்வளவு தாழ இறங்குகிறது என்பதே. இதனை அறிய, ஒருநாள் காலை ஊசிக்கு முன்னும் அதன்பின் இரண்டு மணிக்கு ஒருமுறையும், அடுத்த ஊசி வரை அளவெடுத்து வரைபடத்தாளில் குறிக்கவேண்டும். முன்பு இதற்காகப் பூனையை ஒருநாள் முழுவதும் மருத்துவமனையில் தங்கவைத்தனர். அங்கு அச்சத்தாலும் உணவை மறுப்பதாலும் கிடைத்த வளைகோடு வீட்டு நிலைமையைக் காட்டவில்லை.

காதின் ஓரத்தில் மெல்லிய நரம்பு ஒன்று ஓடுகிறது. வெதுவெதுப்பான துணியால் காதைச் சிறிது நேரம் பிடித்திருந்து, பின்புறம் பஞ்சை வைத்துக்கொண்டு, அந்நரம்புக்கும் காதின் விளிம்புக்கும் இடைப்பட்ட இடத்தில் நுண்ணிய ஊசியால் குத்தினால் கடுகளவு இரத்தம் வரும். பட்டைக்கு அது போதும். வாசலின் சிறிது தடவியிருந்தால் துளி பரவாமல் உருண்டு நிற்கும். முதல் வாரத்தில் கையில் கீறல் படாதவர் அரியர். ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு வேகவைத்த கோழியிறைச்சி கொடுத்துவந்தால், குளுக்கோமீட்டர் பெட்டி திறக்கும் ஓசைக்கே ஓடிவந்து அமரும் பூனைகளும் உண்டு. இக்காலத்தில் தோலில் ஒட்டிவைத்து, நாட்கணக்கில் தானே அளவெடுக்கும் சிறு கருவிகளையும் மருத்துவர்கள் பூனைக்குப் பயன்படுத்துகின்றனர். அவை இரத்தத்தை அன்றித் திசுநீரையே அளப்பதால், சர்க்கரை வேகமாக மாறும்போது சற்றுப் பின்தங்கியே காட்டும். மிகத் தாழ்ந்த எண் தோன்றினால் காதிலிருந்து இரத்தம் எடுத்துச் சரிபார்க்கவேண்டும்.

அமெரிக்கப் பிராணி மருத்துவமனைச் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, வளைகோட்டின் தாழ்ந்த புள்ளி 80-க்கும் 150-க்கும் இடையே அமைவது விரும்பத்தக்கது. 80-க்குக் கீழ் இறங்கினால், காலை அளவு எவ்வளவு உயர்ந்திருந்தாலும், மருந்தைக் குறைக்கும்படி மருத்துவர் கூறுவார். தாழ்ந்த புள்ளியும் உயர்ந்தே இருந்தால் கூட்டலாம். அதுவும் ஒரே அளவை ஏறக்குறைய ஒரு வாரம் தொடர்ந்த பின்னர், ஒரு நேரத்தில் அரை அல்லது ஒரு யூனிட் என்ற படியில்தான். நாள்தோறும் கூட்டிக் குறைப்பவரின் குறிப்பேட்டில் எந்த மருந்தளவு எந்த எண்ணை உண்டாக்கியது என்பதை யாராலும் கூற இயலாது.

சர்க்கரை மிகத் தாழ்ந்தால் உடல் அதனை எதிர்த்து அளவுக்கு மீறி உயர்த்திவிடும் என்ற கருத்து 1930-களில் மைக்கேல் சோமோகி என்பாரால் மனிதரைப் பற்றிக் கூறப்பட்டது. பூனையின் விளங்காத உயர்வுக்கெல்லாம் இதனையே காரணமாகச் சொல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வளைகோடுகளை ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், கிளார்ஜின் போன்ற நீடித்த மருந்து பெறும் பூனைகளில் அது அரிதென்றே தெரியவந்தது.

மருந்தை நெறியாகக் கூட்டியும் சர்க்கரை அடங்காத பூனைக்கு வேறு நோய் மறைந்திருக்கலாம். பல்நோய், சிறுநீர்ப்பை அழற்சி, கணைய அழற்சி ஆகியவை பரவலானவை. பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி தோன்றி, வளர்ச்சி ஹார்மோன் மிகுந்து இன்சுலினை எதிர்ப்பதும் உண்டு. பிரிட்டனில் 1,221 நீரிழிவுப் பூனைகளைச் சோதித்து 2015-இல் வெளியான ஆய்வு, அவற்றுள் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இக்கோளாறு இருக்கலாமென மதிப்பிட்டது. அதற்கு முன் அரிய நோயென ஒதுக்கப்பட்டது இதுவே.

உணவும் ஓர் எச்சரிக்கையும்

பூனை இயற்கையில் ஊனுண்ணி. மாவுப்பொருளை விரைந்து கையாளும் என்சைம்கள் அதன் உடலில் குறைவு. பால் சோறும், தயிர்ச் சோறும், மாவுச்சத்து மிகுந்த உலர் உணவும் அதன் சர்க்கரையை ஏற்றுகின்றன. புரதம் மிகுந்து மாவுச்சத்துக் குறைந்த உணவுக்கு மாற்றினால் பல பூனைகளின் இன்சுலின் தேவை விரைவாகக் குறைகிறது. எச்சரிக்கை இங்கேதான் வேண்டும். நேற்றுவரை சோறு தின்ற பூனைக்கு இன்று மீனும் இறைச்சியும் மட்டும் கொடுத்து, ஊசியை மட்டும் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை திடீரெனச் சரியும். உணவு மாற்றம் மருத்துவரின் அறிவுடன், அடிக்கடி அளவெடுத்து, படிப்படியாக நிகழவேண்டும். பருத்த பூனையை மெலிவிக்கப் பட்டினி போடுவதும் தகாது. சில நாள் உண்ணாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு மண்டி உயிருக்கே ஆபத்தாகும்.

சர்க்கரை தாழ்ந்தபோது

தளர்ச்சி, தள்ளாட்டம், திகைத்த பார்வை, திடீர்ப் பசி, உடல் நடுக்கம், இறுதியில் வலிப்பு: இவை சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்ததன் அறிகுறிகள். சில பூனைகள் குறியொன்றும் காட்டாமலே மறைவிடத்தில் சென்று படுத்துக்கொள்ளும். உண்ணக்கூடிய நிலையிலிருந்தால் உடனே உணவு தரவேண்டும். சோர்ந்திருந்தால் தேன் அல்லது கெட்டியான குளுகோஸ் கரைசலை ஈறுகளின்மேல் விரலால் சிறிது சிறிதாகத் தடவவேண்டும். நினைவிழந்த பூனையின் வாயில் எதனையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். வலிப்புள்ள பூனையின் பற்களுக்கிடையே விரலை நுழைப்பதும் கூடாது. பூனை தெளிந்துவிட்டாலும், போட்ட மருந்தின் ஆற்றல் இன்னும் பல மணி நேரம் நீடிக்குமாதலால், மருத்துவரிடம் கொண்டு செல்வதை ஒத்திவைக்கலாகாது. ஊசிக்கு முன் எடுத்த அளவே தாழ்ந்திருந்தால், அல்லது பூனை உணவை மறுத்தால், வழக்கமான ஊசியைப் போடாமல் நிறுத்தி மருத்துவரைக் கேட்பதே முறை.

மருந்து வேண்டாத நிலை

பல வாரங்கள் ஒழுங்காயிருந்த பூனைக்குத் திடீரெனச் சர்க்கரை தாழத் தொடங்கினால் வீட்டார் தம்மேல் பிழை தேடுவர். உண்மையில் அது நற்செய்தியாகவும் இருக்கலாம். முடங்கிக் கிடந்த கணையச் செல்கள் விழித்தெழுந்து மறுபடியும் இன்சுலின் சுரக்கும்போது, நேற்றுத் தக்க அளவாயிருந்த ஊசி இன்று மிகையாகிறது. ரூம்ப், ராண்ட் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கிளார்ஜின் இன்சுலினும் மாவுச்சத்துக் குறைந்த உணவும் பெற்று, வீட்டிலேயே நாள்தோறும் பன்முறை இரத்தம் சோதிக்கப்பட்ட 55 பூனைகளுள் நூற்றுக்கு 64 பங்கு ஊசியே வேண்டாத நிலையை அடைந்தன. நோய் கண்ட ஆறு மாதத்துக்குள் இம்முறை தொடங்கப்பெற்றவற்றில் அது 84 பங்கு. அதற்குப்பின் தொடங்கியவற்றில் 35 பங்கு மட்டுமே. மூட்டுவாதமென்று எண்ணி எண்ணெய் தடவிக் கழித்த மாதங்களின் விலையை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

ஊசியின்றி வாய்வழி கொடுக்கும் இரு மருந்துகளுக்கு அமெரிக்காவில் 2022-இலும் 2023-இலும் அனுமதி அளிக்கப்பட்டுள்ளது. அவை மிகுதியான குளுகோஸைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவன. சர்க்கரை தாழ்ந்து காட்டும்போதே கீட்டோன் நஞ்சு பெருகும் அபாயம் அவற்றில் உண்டாதலால், எல்லாப் பூனைகளுக்கும் அவை ஏற்றவை அல்ல.

ஊசி நின்ற பூனைக்கும் நோய் மீளக்கூடும். உணவை மாற்றாமல், ஸ்டீராய்டு மருந்துகளை இயன்றவரை தவிர்த்து, வாரம் ஒருமுறையேனும் காதிலிருந்து ஒரு துளி எடுத்துச் சோதித்துவரும் வீட்டில், நோயின் மீட்சி நீர்த்தொட்டி காலியாவதற்கு முன்னரே குறிப்பேட்டில் தெரிந்துவிடும்.